உப்புத்தண்ணிப் பஞ்சும் உச்சியில் ஒரு துளி எண்ணெயும்

எங்கட தமிழ்க்கடைகள் இருக்கிற லா சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போனால் பை நிறைவதற்கு முதலே எனக்குக் கேள்வி வந்துவிடும். வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாராவது பக்கத்தில் வந்து ஒதுங்குவார்கள்.

"அண்ணை, ஆஸ்பத்திரியில பிள்ளையளுக்குத் தலையில கறண்ட் வைக்கிற இடத்தில வேலை செய்தது நீங்கள்தானே? எங்கட மச்சாளின்ர பிள்ளைக்கும் பிறக்கேக்கையே ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. கொண்டுபோகலாமோ? பயமில்லையோ?"

பயமில்லையோ என்று கேட்பதற்கு இந்த முழுத் தெருவிலும் என்னைத்தான் பிடித்தார்களே என்று நினைத்துக்கொள்வேன். கதவைப் பூட்டிவிட்டு ரயில்நிலையம் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். "உங்களுக்கு ஒரு கவலையும் இல்லாட்டி, ஏன் இண்டைக்குக் கவலை இல்லை எண்டு கவலைப்படுவியள்" என்று வீட்டில் மனிசி சொல்லுவா. பொய்யில்லை.

பென்சன் எடுத்த பிறகும் கேள்வி நின்றபாடில்லை. பழைய இடத்தில் இப்போது பிள்ளைகளின் தலையில் பஞ்சு கட்டுகிற வேலையே குறைந்துவிட்டதாம், தொப்பி மாதிரி ஒன்றைப் போட்டுவிடுகிறார்களாம் என்று அங்கே இன்னும் வேலை செய்கிற ஒருவர் சொன்னார். அப்படியானால் நான் செய்த வேலை எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் இராது. அதனால் கேட்கிற எல்லாருக்கும் சேர்த்து ஒருமுறை எழுதிவிடுகிறேன். நான் வைத்தியன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கண்டதைத்தான் எழுதலாம்.

இந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு வந்து எல்லாரையும் போலக் கோப்பை கழுவினேன். பிறகு ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தேன். பிறகு நோயாளரைக் கட்டிலில் வைத்துத் தள்ளுகிற வேலை, பிரோங்கார்தியே என்பார்கள். லிப்ட் நடுவில் நின்றுவிடுமோ, சில்லுப் பூட்டு விலகிவிடுமோ, சேலைன் குழாய் எங்காவது மாட்டுப்படுமோ என்று நான் வியர்த்துக்கொண்டு தள்ளுவேன். மற்றப் பெடியள் பாட்டுக் கேட்டுக்கொண்டு தள்ளுவார்கள். அப்படியே கனகாலம் போய்விட்டது.

கடைசி வருடங்களில்தான் பிள்ளைகள் பகுதிக்கு மாற்றினார்கள். நடைபாதையின் கடைசியில் ஒரு அறை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு, தலையைத் திறக்காமல், ஊசி போடாமல், வெளியிலிருந்தே சின்ன மின்சாரம் கொடுத்துக் கை பழக்குகிற இடம். அதற்குப் பொறுப்பு மதாம் மொரெல் என்ற பெண்மணி. உடற்பயிற்சி வைத்தியம் படித்தவ. ஒல்லியான ஆள், நரைத்த குட்டைமயிர், சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை.

முதல் நாள் என்னிடம் மின்சார வயரைக் காட்டி, "இதை மாட்டுங்கள்" என்றா. மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். இரண்டடி நடந்துபோய், திரும்பி வந்து இன்னொருமுறை இழுத்துப் பார்த்தேன். அவ சிரிக்கவில்லை. "நல்லது. இந்த அறைக்குப் பயந்த ஆள்தான் வேண்டும். உங்களுக்கு முதல் இருந்தவர் எதற்கும் பயப்படமாட்டார். இரண்டு மின்சாரப் பெட்டியை உடைத்தார்" என்றா.

என்னுடைய பயத்தை ஒருவர் குறை சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

வேலை இப்படி. பிள்ளையைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தவேண்டும். தோடு, கிளிப், சங்கிலி எல்லாம் கழற்றவேண்டும். மதாம் தையற்காரர் நாடாவை எடுத்து மூக்குத்தண்டிலிருந்து பிடரி எலும்பு வரைக்கும், ஒரு காதிலிருந்து மற்றக் காது வரைக்கும் அளப்பா. கையை ஆட்டுகிற இடம் மண்டைக்குள் எங்கே இருக்கிறது என்று பார்த்து, மைப் பென்சிலால் மெதுவாகப் புள்ளி வைப்பா. நான் இரண்டு தட்டைப் பஞ்சை உப்புத்தண்ணியில் நனைத்துப் பிழிந்து கொடுப்பேன். கூட நனைந்தால் தண்ணி வழிந்து மின்சாரம் தப்பான பக்கம் ஓடும். காய்ந்தால் தோலைக் கடிக்கும். பிள்ளைக்குப் பால் கொடுக்க முதல் தாய் கையில் விட்டுப் பார்ப்பாளே, அதுபோல மதாம் ஒவ்வொரு பஞ்சையும் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பா. பிறகு ஒன்று புள்ளியின் மேல், ஒன்று நெற்றியில். மேலே றப்பர்ப் பட்டி.

மின்சாரம் என்றால் வீட்டுச் சுவரில் இருக்கிற மின்சாரம் இல்லை. பற்றரியில் ஓடுகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டி. மெல்ல மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். ஒரு இருபது நிமிடம். அந்த நேரம் பிள்ளை சும்மா இருப்பதில்லை. நல்ல கைக்குத் தடித்த கையுறை போட்டுவிட்டு, வராத கையால் மணி கோர்க்க, பந்து பிடிக்க, களிமண் பிசையவேண்டும். பெட்டி மட்டும் ஒன்றும் செய்யாது என்று மதாம் எல்லாத் தாய்தகப்பனுக்கும் முதலே சொல்லிவிடுவா. "நிலத்தை ஈரமாக்குகிறோம். விதைக்கிறது பிள்ளையின் கைதான்."

இனிச் சாருஜாவின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சாருஜாவின் தாய் சுகந்தி, நான் மரக்கறி வாங்குகிற கடையில் காசுமேசையில் இருப்பவ. சார்செலில் குடியிருப்பு. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிள்ளையையும் ரயிலில் கூட்டிக்கொண்டு வந்து, மேசைக்குப் பின்னால் அரிசி மூட்டையில் இருத்திவிடுவா. எட்டு வயது. இடதுகையை எப்போதும் ஜம்பர்ச் சட்டையின் கைக்குள் இழுத்து ஒளித்துவைத்திருக்கும். பிறக்கும்போதே வலதுபக்க மூளையில் ஒரு இடத்துக்கு இரத்தம் போகாமல் விட்டதால் வந்தது. விரல்கள் பொத்தினபடி.

ஒருநாள் சுகந்தி கேட்டா, "அண்ணை, உங்கட இடத்தில இதுக்கு ஏதும் செய்யினமோ?"

"செய்யினம் தங்கச்சி. எல்லாருக்கும் சரிவரும் எண்டில்லை. டொக்டர் பாத்துத்தான் சொல்லுவார்."

"பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதே?"

"நான் நிக்கிறன்தானே" என்று சொல்லிவிட்டேன்.

அதுவரைக்கும் அந்த அறைக்கு வந்த பிள்ளைகளை யாரோ அனுப்பினார்கள். இந்தப் பிள்ளையை அனுப்பியது நான். ஏதும் நடந்தால் எந்த முகத்தோடு அந்தக் காசுமேசைக்கு முன்னால் நிற்பது?

டொக்டர் பார்த்தார். வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம் உண்டா என்று கேட்டு, மூளையின் அலைகளை எடுத்துப் பார்த்து, சரி என்றார். மதாம் மொரெல் முழங்காலை மடித்துப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருந்து கேட்டா: "இந்தக் கையால் உனக்கு என்ன செய்யவேண்டும்?"

பிள்ளை வாய் திறக்க முதல் தாய் முந்திக்கொண்டா. "அண்ணை, சொல்லுங்கோ. கோயில்ல ரெண்டு கையும் சேத்துக் கும்பிடவேணும். அது போதும் எனக்கு."

நான் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பிள்ளையைப் பார்த்தா. பிள்ளை பிரெஞ்சில் சொன்னது: "பள்ளிக்கூடக் கன்தீனில் என் சாப்பாட்டுத் தட்டை நானே தூக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் என் வகுப்புக் கிளாரா தூக்குகிறா. தூக்கிவிட்டு எல்லாரையும் பார்க்கிறா."

"எழுதிக்கொள்கிறேன், தட்டு" என்றா மதாம்.

"கும்பிடுறது?" என்றா சுகந்தி.

"அம்மா, கடவுளுக்குக் கிளாரா இல்லை" என்றது பிள்ளை. அதுவும் பிரெஞ்சில்தான். நல்லகாலம், சுகந்திக்கு அரைவாசிதான் விளங்கியது.

கையின் இடம் எங்கே என்று கண்டுபிடிக்க இன்னொரு இயந்திரம் இருந்தது. வளையம் போல ஒன்றைத் தலைக்குக் கிட்டப் பிடிப்பார்கள். 'டக்' என்று சத்தம் கேட்கும். வளையம் நகர்ந்து நகர்ந்து ஒரு இடத்துக்கு வந்தபோது, பொத்திக்கிடந்த பெருவிரல் தானாகத் துள்ளியது. சுகந்தி எழும்பிவிட்டா. "ஆர் அசைச்சது? சாரு, நீயோ?" பிள்ளை தன் விரலையே வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, "இன்னொருக்கா" என்றது.

பாதை அடைபடவில்லை, வண்டிதான் ஓடாமல் கிடக்கிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அன்றைக்கு ரயிலில் சார்செல் வரைக்கும் தாய் அந்தப் பெருவிரலைப் பிடித்தபடியே போனாவாம்.

பஞ்சு வைக்கிற முதல் நாள் வந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க வந்தது மாதிரி இரட்டைப்பின்னல், பளபளவென்று வாரிய தலை. மதாம் அளந்து, புள்ளி வைத்து, பஞ்சு வைத்து, பட்டி கட்டினா. பெட்டியில் பச்சை விளக்கு வரவேண்டும். வரவில்லை. நான் வயரை இழுத்துப் பார்த்தேன். பஞ்சை மறுபடி நனைத்தேன். பற்றரி மாற்றினோம். சிவப்புத்தான். புள்ளி வைத்த பென்சில் மையும் வழுக்கி அழிந்துபோயிருந்தது. மதாம் விரலால் மயிரைத் தொட்டு, இரண்டு விரலையும் உரசிப் பார்த்தா. என்னை நிமிர்ந்து பார்த்தா.

"எண்ணெய்."

எனக்கு மணக்கவே இல்லை, பாருங்கோ. எங்களுக்கு அது மணமில்லை, தலை என்றால் அப்படித்தான் இருக்கும். எண்ணெய் இருக்கிற இடத்தில் உப்புத்தண்ணி ஒட்டாது, மின்சாரமும் போகாது. நான்தான் சுகந்திக்குச் சொல்லவேண்டி வந்தது.

"தங்கச்சி, நாளைக்குத் தலையைச் சம்பூ போட்டு முழுகவாத்து, எண்ணெய் வைக்காமல் கொண்டுவாங்கோ."

"பெரிய டொக்டர்மார் இருக்கிற இடத்துக்குப் பரட்டைத்தலையோடையோ? பாக்கிறவை என்ன சொல்லுவினம், தாயில்லாப் பிள்ளை எண்டோ?"

"அவைக்குப் பரட்டைதான் வேணுமாம்."

"நல்ல வைத்தியம்!" என்றா. ஆனாலும் அடுத்தநாள் பிள்ளை பரட்டையாக வந்தது. விளக்குப் பச்சையானது. சாருஜா கண்ணை உருட்டி, "கடிக்குது... இப்ப இல்லை" என்றது. அவ்வளவுதான். நான் மட்டும் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு விட்டேன்.

ஒவ்வொரு நாளும் மதாம் கேட்பா, "நோகுதா? எரியுதா? தலையிடியா?" பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒரே பதில்தான் சொல்லும்: "சா வா." ஒன்றுமில்லை, நல்லாயிருக்கு என்று அர்த்தம். கன பிள்ளைகள் சிணுங்கும், பட்டியை இழுக்கும், எனக்கு உதைகூட விழுந்திருக்கிறது. இந்தப் பிள்ளை சிலை மாதிரி. மதாமுக்கு அது பிடிக்கவில்லை. "இவ்வளவு நல்ல பிள்ளை என்றால் எனக்குப் பயம்" என்று ஒருநாள் சொன்னா. நான் பெருமைப்பட்டேன், எங்கட பிள்ளை எவ்வளவு அடக்கம் என்று.

இரண்டாம் கிழமை. அன்றைக்குப் பச்சை விளக்கு வரக் கொஞ்சம் சுணங்கியது. பஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டோம், வந்தது. நேரம் முடிந்து பட்டியைக் கழற்றி, வழக்கம்போல மதாம் மயிரை வகிர்ந்து தோலைப் பார்த்தா. பார்த்த கை அப்படியே நின்றது.

பஞ்சு இருந்த இடத்தின் ஓரத்தில் ஒரு சிவந்த புள்ளி, மைசூர்ப்பருப்பளவு. நடுவில் சின்னக் கொப்புளம்.

மதாம் அவசரப்படவில்லை. குளிர்ந்த துணியை வைத்தா. பிறகு ஒரு வெள்ளைச் சீலைத்துண்டால் பக்கத்துத் தோலை ஒற்றி வெளிச்சத்தில் பிடித்தா. துணி கண்ணாடி மாதிரி மினுங்கியது. வெளியே இருந்த சுகந்தியை உள்ளே கூப்பிட்டோம்.

"தங்கச்சி, எண்ணெய் வைச்சனீங்களோ?"

"ஐயோ இல்லை அண்ணை. ஒரு பொட்டும் வைக்கேல்லை."

"வைக்கிறவா" என்றது சாருஜா, அன்றைக்குத் தமிழில். "ஒவ்வொரு நாளும் காலமை. உச்சியில."

சுகந்தியின் முகம் விழுந்துவிட்டது. "ஒரு துளிதான் அண்ணை. கறண்ட் எண்டால் சூடுதானே. பிள்ளையின்ர மூளை கொதிச்சுப்போகுமெண்டு குளிர்ச்சிக்கு வைச்சனான். மணக்காத எண்ணெய்தான். மேலால துடைச்சும் விட்டனான்."

எண்ணெய் பரவின இடத்தால் மின்சாரம் போக முடியாமல், மிச்சமிருந்த கொஞ்ச இடத்துக்குள்ளால் எல்லாம் நெருக்கியடித்துப் போயிருக்கிறது. அந்த இடம்தான் கொப்பளித்தது. மதாம் அதைச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் திரும்பினா. "எரிந்திருக்குமே. ஏன் சொல்லவில்லை?"

பிள்ளை தாயைப் பார்த்தது. தாய் நிலத்தைப் பார்த்தா.

"நோகுது எண்டு சொன்னால் நிப்பாட்டிப்போடுவினம் எண்டு அம்மா சொன்னவா."

நான் அதை மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. இவ்வளவு வருட வேலையில் அந்த ஒரு வசனத்தைத்தான் இரண்டு தரம் தொடங்கிச் சொன்னேன்.

அன்றைக்கு வைத்தியத்தை நிறுத்தினார்கள். தோல் ஆறினபிறகு டொக்டர் கூப்பிட்டுத் தீர்மானிப்பார் என்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை லா சப்பலுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. மனிசி பையைக் கையில் தந்து தள்ளிவிட்டா. மெத்ரோப் படியில் இறங்கினவுடனேயே ஒருவர் பிடித்தார். "அண்ணை, ஆரோ பிள்ளைக்குத் தலையில சுட்டுப்போச்சாம், தேசிக்காயளவு?" நகைக்கடையைத் தாண்டும்போது அந்தத் தேசிக்காய் தோடம்பழமளவுக்குப் பெருத்துவிட்டது. மரக்கறிக்கடை வாசலில் ஒரு மனிசி இன்னொரு மனிசிக்குச் சொல்லுவது கேட்டது. "பாதித்தலை, அக்கா! மண்டையெல்லாம் கருகி. உந்த வெள்ளைக்காரர் எங்கட பிள்ளையளை வைச்சுப் பழகினம்."

உள்ளே சுகந்தி காசுமேசையில் இருந்தா. நான் வெண்டிக்காய்ப் பையை வைத்தேன். தராசில் நிறுத்தா. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னா.

"நான்தான் எண்ணெய் வைச்சனான் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் அண்ணை. ஒருத்தரும் நம்புகினமில்லை. அவைக்குச் சுட்டதுதான் விருப்பம்."

எனக்கு உடம்பு ஒரு சுற்று இலேசாகிப்போனது. என்மேல் கோபமில்லை. ஆனால் அவ அடுத்ததாகக் கேட்டது: "இனி எடுக்கமாட்டினமே அண்ணை? அந்தப் பெருவிரல் துள்ளினது என்ர கண்ணுக்குள்ளேயே நிக்குது."

டொக்டரைச் சந்திக்கிற நாள் நானும் கூட இருந்தேன். உயரமான மனிதர், அளந்து கதைப்பார். தோல் வடிவாக ஆறிவிட்டது, தழும்பில்லை, உள்ளே ஒரு பாதிப்பும் இல்லை என்றார். நான் மடியில் கைகளைப் பொத்தி வைத்திருந்தேன். "ஆனால் எரியும்போது எரிகிறது என்று சொல்லாத பிள்ளைக்கு நான் இதைத் தொடர அனுமதிக்க முடியாது. அவள் வாயைத்தான் நாங்கள் நம்பியிருக்கிறோம்" என்று முடித்தார்.

சுகந்தி அழத் தொடங்கினா. "இனிச் சொல்லுவாள், ஐயா, சொல்லச் சொல்லுறன்" என்று தமிழில் டொக்டரிடமே சொன்னா.

மதாம் மொரெல் அவரிடம், "எனக்கு ஒரு நாள் தாருங்கள்" என்றா. டொக்டர் யோசித்தார். "ஒரு நாள். நானும் வந்து பார்ப்பேன்."

அந்த நாளைத்தான் நான் இந்த வேலையில் கண்ட பெரிய நாள் என்பேன்.

மதாம் முதலில் பிள்ளையைத் தொடவில்லை. கதிரையில் சுகந்தியை இருத்தினா. சட்டைக்கையை மடிக்கச் சொல்லி, அவவின் கையிலேயே இரண்டு பஞ்சையும் கட்டினா. நான் பிழிந்து கொடுத்த பஞ்சு. மின்சாரம் ஏற ஏற, சுகந்தி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டா, பிரசவத்துக்குப் போகிறவ மாதிரி.

"என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

ஒரு கண்ணைத் திறந்தா. "இவ்வளவும்தானோ? எறும்பு ஊருறமாதிரி. சூடே இல்லையே!" தன் கையை மற்றக் கையால் தொட்டுப் பார்த்தா. "குளிராய்க் கிடக்கு அண்ணை. உப்புத்தண்ணி குளிருது." பிறகு மெல்லச் சொன்னா, "நான் என்னத்துக்கு எண்ணெய் வைச்சனான்..."

அடுத்தது சாருஜா. பரட்டைத்தலை, காய்ந்து பஞ்சாய்ப் பறந்தது. பச்சை விளக்கு உடனே வந்தது. மதாம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னா: "இன்றைக்குக் கை பழகுகிறது இல்லை. இன்றைக்கு உன் வேலை ஒன்றே ஒன்று. நீ 'ஸ்தொப்' என்று சொல்லவேண்டும். சொன்னவுடனே நான் நிறுத்துவேன். நோகத் தேவையில்லை, காரணம் தேவையில்லை. சும்மா சொல்லு."

பெட்டியை இயக்கினா. பிள்ளை வாயே திறக்கவில்லை. டொக்டர் கதவடியில் கை கட்டி நின்றார். நான் பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லு பிள்ளை, சொல்லு என்று உள்ளுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தேன். அது சொல்லாது. தாயைப் பார்த்தது. சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று அதன் மண்டைக்குள் ஏற்றிவைத்தது யார்? அந்தச் சொல்லைத் தாய்தான் இறக்கவேண்டும்.

சுகந்தி எழும்பிப் போய் பிள்ளைக்கு முன்னால் குந்தினா, மதாம் இருப்பதைப்போலவே. "அம்மா பிழையாய்ச் சொல்லிப்போட்டன், சாரு. சொல்லு. நிப்பாட்டச் சொல்லு. சொன்னால்தான் திரும்ப எடுப்பினம்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

"...ஸ்தொப்."

எறும்புச் சத்தம். மதாமின் விரல் உடனே அழுத்தியது. மின்சாரம் இறங்கியது. மதாம் பெட்டியைத் தூக்கி அணைந்த விளக்கைக் காட்டினா. "நின்றுவிட்டது. இன்னொருமுறை?"

மறுபடி இயக்கினா. "ஸ்தொப்!" நின்றது. மறுபடி. "ஸ்தொப்!" பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறவிட்டு நிறுத்தும், ஏறமுதல் நிறுத்தும், மதாம் பெட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோகவே "ஸ்தொப்!" என்று கத்தும். பெரிய ஆட்கள் எல்லாரும் ஒரு சொல்லுக்கு நிற்கிறார்கள் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் சிரிப்பு வராது? கடைசியில் டொக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "ஸ்தொப்!" டொக்டரும் வாயை மூடிக்கொண்டார்.

"சரி" என்றார் பிறகு. "திங்கட்கிழமை தொடங்கலாம்."

அன்று பின்னேரம் கார் து நோர் ரயில்நிலையத்தில் நின்று ஒரு கோப்பி குடித்தேன். என்ன கோப்பி என்று தெரியாது. தண்ணியாக இருந்தாலும் இனித்திருக்கும்.

அதன்பிறகு வந்த பிள்ளை வேறு பிள்ளை. பட்டி இறுக்கம் என்னும், பஞ்சு குளிர் என்னும், தொந்தோன், உங்கட கை ஆஸ்பத்திரி மணக்குது என்னும். தொந்தோன் என்றால் மாமா, என்னைத்தான். "முந்தித்தான் நல்ல பிள்ளை" என்று சுகந்தி தலையில் கைவைப்பா. மதாம் மொரெலுக்குத்தான் பரமசந்தோஷம்.

கேட்கிறவர்களுக்கு நான் பொய் சொல்லமாட்டேன். அந்தக் கை மற்றக் கை மாதிரி வரவில்லை, வரவும் மாட்டாது. விரல் விரியத் தொடங்கியது. தட்டின் ஓரத்தை அணைத்துப் பிடிக்கும், சூப் இருந்தால் கொஞ்சம் சிந்தும். மின்சாரத்தாலோ, பயிற்சியாலோ, இரண்டாலுமோ என்று டொக்டரிடம் கேட்டேன். "இரண்டும் சேர்ந்து என்று நினைக்கிறோம், இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றார். படித்த மனிதர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னபோது எனக்குப் பயம் கூடவில்லை, குறைந்தது. சில பிள்ளைகளுக்கு ஒன்றும் பெரிதாக மாறவில்லை, அதையும் கண்டேன். ஒரு பிள்ளையையும் அது கெடுத்ததை நான் காணவில்லை. தலை காய்ந்திருக்கவேண்டும், வாய் திறந்திருக்கவேண்டும். கேட்டால் இவ்வளவுதான் சொல்லுவேன்.

சாருஜாவின் கடைசி நாட்களில் ஒன்று. வலதுகையில் கையுறை. இடதுகை மேசையில் களிமண் பிசைந்துகொண்டிருந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சுகந்தி சுவரோரக் கதிரையில் தூங்கி விழுந்துகொண்டிருந்தா. நான் பஞ்சுகளை அலசிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் வாய் நிறைய பிஸ்கட், நான்தான் கொடுத்திருந்தேன்.

திடீரென்று அந்த இடதுகை களிமண்ணை விட்டு எழும்பியது. முழங்கை நிமிர்ந்து, உள்ளங்கை முன்னால் விரிந்து, ஐந்து விரலும் கொஞ்சம் கோணலாக, ஆனால் ஐந்தும் தனித்தனியாக, தெருவில் வண்டியை மறிக்கிற பொலிஸ்காரன் மாதிரி மதாமின் முகத்துக்கு நேராக நின்றது.

மதாம் அழுத்திவிட்டா. மின்சாரம் இறங்கியது. அவ கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. "தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை," என்று என்னிடம் மெல்லச் சொன்னா, "பாருங்கள், யாருமே கேட்கவில்லை." சுகந்தி விழித்து, பிள்ளையின் கையைக் கண்டு, வாயைப் பொத்தினா. எரிகிறதோ? வலிப்போ? ஓடிப்போய்ப் பட்டியில் கை வைத்தேன்.

"என்ன பிள்ளை? என்ன செய்யுது? எங்க நோகுது?"

சாருஜா பிஸ்கட்டை விழுங்கியது.

"பிப்பி" என்றது. மூத்திரம் வருகிறதாம்.

மூன்று பெரிய ஆட்களும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றோம். பிள்ளைக்குப் பொறுமையில்லை. "தொந்தோன், கெதியா!" நான் பட்டியைக் கழற்றினேன். அது கையுறையோடு குதித்து இறங்கி ஓடி, கதவுப்பிடியை அதே இடதுகையால் எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.